அரை நாள் வேலையா? – ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியையின் வாரக் கணக்கு

நம் சங்கக் கூட்டம் ஒன்று முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, பேச்சு பிள்ளைகளின் படிப்புப் பக்கம் திரும்பியது. “வாத்தியார் வேலைக்கு என்ன சார் குறைச்சல்? பகல் ஒரு மணிக்கு ஸ்கூல் முடிஞ்சிடும். வருஷத்துல ரெண்டு மாசம் லீவு. அரை நாள் வேலை, முழு நாள் சம்பளம்” என்றார் ஒரு நண்பர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். அதை வீட்டிலும் வந்து சொன்னேன்.

என் மருமகள் மும்பைப் புறநகர்ப் பள்ளி ஒன்றில் 9, 10-ஆம் வகுப்புகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறாள். பதினான்கு ஆண்டு அனுபவம். நான் சொன்னபோது அவள் முன்னால் நோட்டுப் புத்தகங்கள் இரண்டு அடுக்காக இருந்தன. தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “மாமா, நீங்கதான் ரயில்வேயில எத்தனையோ பேர் வேலையை வாட்ச் வச்சு அளந்திருக்கீங்களே. என் வேலையையும் ரெண்டு வாரம் அளந்து பாருங்களேன். அப்புறம் அரை நாளா, முழு நாளான்னு சொல்லுங்க.”

நியாயமான சவால். அளக்காமல் பேசுவது எங்கள் தொழிலில் குற்றம். அளந்தேன். அந்தக் கணக்கையும், அதிலிருந்து நான் தெரிந்துகொண்டதையும் நம் வாசகர்கள் முன் வைக்கிறேன். நம்மில் பாதிப் பேர் வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆசிரியர் பற்றி நமக்கெல்லாம் ஓர் அபிப்பிராயம் உண்டு, கணக்கு இல்லை.

ரயில்வேயில் வேலையை அளக்கும் முறை

ரயில்வேயில் ஒருவர் எத்தனை மணி நேரம் ட்யூட்டியில் இருக்கிறார் என்பதை மட்டும் பார்த்து அவர் வேலையை மதிப்பிடுவதில்லை. அந்த நேரத்துக்குள் என்ன செய்கிறார் என்பதையும் பார்ப்பார்கள். இதற்கு ‘ஜாப் அனாலிசிஸ்’ என்று பெயர். ஓர் ஆள் கையில் கடிகாரத்தோடு ஊழியரின் பக்கத்திலேயே நாள்கணக்கில் இருந்து, எத்தனை நிமிடம் வேலை, எத்தனை நிமிடம் சும்மா இருந்தார் என்று குறித்துக்கொண்டே வருவார்.

அதன்படி வேலையை வகை பிரிக்கிறார்கள். 1947-இல் நீதிபதி ராஜாத்யக்ஷா அளித்த தீர்ப்பு இந்த முறைக்கு உருவம் தந்தது. இன்று அது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 14-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. முக்கியமான மூன்று வகைகளை மட்டும் சொல்கிறேன்.

முதல் வகை, விட்டுவிட்டு வரும் வேலை. ட்யூட்டி நேரத்தில் பாதியோ அதற்கு மேலோ சும்மா இருக்கும் நேரம். வண்டிப் போக்குவரத்துக் குறைந்த இடத்து லெவல் கிராஸிங் கேட்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 75 மணி வரை போகலாம்.

இரண்டாவது, தொடர் வேலை. பெரும்பாலோர் இந்த வகை. இரண்டு வாரச் சராசரி எடுத்தால் வாரத்துக்கு 54 மணிக்கு மேல் போகக்கூடாது.

மூன்றாவது, கடும் வேலை. கவனத்தை ஒரு கணமும் எடுக்க முடியாதது, மூச்சு விட இடைவெளி இல்லாதது. கண்ட்ரோல் ஆபீஸில் காதில் போனை வைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் பல வண்டிகளை நடத்தும் செக்‌ஷன் கண்ட்ரோலர் இதற்கு உதாரணம். இதே இரண்டு வாரச் சராசரியில் 45 மணிதான் உச்சவரம்பு.

இந்த 45 என்ற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஓர் ஆசிரியரின் குறைந்தபட்ச வேலை நேரம், பாடம் தயாரிக்கும் நேரத்தையும் சேர்த்து, வாரத்துக்கு 45 மணி என்று இருக்கிறது. அந்தச் சட்டம் 1 முதல் 8 வகுப்பு வரைதான் பொருந்தும். 9, 10 வகுப்புகள் அதில் வரா. ஆனாலும் ஓர் ஆசிரியரின் வாரம் என்றால் எவ்வளவு என்று நாட்டின் சட்டம் மனத்தில் வைத்திருக்கும் அளவு அது. இரண்டு சட்டங்களிலும் ஒரே எண் வந்தது தற்செயல்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. செக்‌ஷன் கண்ட்ரோலருக்கு 45 உச்சவரம்பு. ஆசிரியருக்கு 45 ஆரம்ப வரம்பு.

முதல் வாரம்

மருமகளின் பள்ளி காலை ஷிப்ட். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 மணி முதல் பகல் 12.40 வரை, சனிக்கிழமை 10.30 வரை. இது மட்டும் வாரத்துக்கு 31 மணி 50 நிமிடம். நண்பர் பார்த்த ‘அரை நாள்’ இதுதான். லோக்கல் ரயிலில் போய் வரும் நேரத்தை நான் சேர்க்கவில்லை. எங்களுக்கும் வீட்டிலிருந்து வேலைக்கு வந்து சேரும் நேரத்தை யாரும் ட்யூட்டியில் சேர்த்ததில்லை.

பள்ளியின் டைம் டேபிளில் வாரத்துக்கு 45 பீரியட், ஒவ்வொன்றும் 35 நிமிடம். அதில் அவளுக்கு 30 பீரியட் பாடம். மீதி 15 ஃப்ரீ பீரியட். ‘ஆஹா, மூன்றில் ஒரு பங்கு ஓய்வு’ என்று நானும் முதலில் குறித்துக்கொண்டேன். அந்த வாரம் இரண்டு ஆசிரியர்கள் வரவில்லை. அவர்கள் வகுப்புகளுக்குப் போய் உட்கார்ந்ததில் 5 பீரியட் போயிற்று. இதைப் பிராக்ஸி என்கிறார்கள். மீதமிருந்த 10 பீரியடில் இரண்டரை மணி நேரம் நோட்டுத் திருத்தம். மற்றதில் வினாத்தாள் ஜெராக்ஸ், வருகைப் பதிவேடு, வாசலில் வந்து நின்ற பெற்றோர், தண்ணீர் குடித்தது, நான்கு வார்த்தை பேசியது.

இனி பள்ளி மணி அடித்த பிறகு நடந்தவை. மாலை நேரத்தை நானே ஹாலில் உட்கார்ந்து குறித்தேன். பள்ளி நேரத்தைப் பற்றியதை அவள் டயரியிலிருந்து எடுத்தேன்.

பள்ளி முடிந்தபின் நடந்த கூட்டமும், பின்தங்கிய பிள்ளைகளுக்கான தனி வகுப்பும்: 3 மணி 10 நிமிடம்.
மறுநாள் பாடம் தயாரிப்பு: 5 மணி.
வீட்டில் நோட்டுத் திருத்தம்: 6 மணி.
மதிப்பெண், வருகை, உதவித்தொகை விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது: 3 மணி 15 நிமிடம்.
பெற்றோருடன் போனும் வாட்ஸ்அப்பும்: 1 மணி 45 நிமிடம்.

பள்ளி நேரத்தோடு கூட்டினால் சரியாக 51 மணி. பரீட்சை இல்லாத, விழா இல்லாத, சாதாரண வாரம் இது.

35 நிமிடத்துக்குள்

மணிக்கணக்கு ஒருபுறம். அந்த வேலை எந்த வகை என்பதுதான் எனக்கு அதிக ஆச்சரியம் தந்தது.

வகுப்பறைக்குள் போய் நான் உட்கார முடியாது. ஆனால் 2020-21-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தபோது வகுப்பு எங்கள் வீட்டு ஹாலிலேயே நடந்தது. அப்போது நான் பார்த்தது பாதிதான். பிள்ளைகள் எதிரே இல்லை. அப்போதே கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பீரியடில் அவள் பாடம் சொன்னது 15 நிமிடம்கூட இருக்காது. மற்ற நேரமெல்லாம் ‘புரிந்ததா’ என்பதை வேறு வேறு விதமாகக் கண்டுபிடிக்கும் முயற்சி. ஒருவனிடம் கேள்வி, இன்னொருத்தியிடம் அடுத்த படி, மூன்றாமவனிடம் ‘ஏன் இப்படிச் செய்தாய்’. நேரில் என்றால் இதோடு கடைசி பெஞ்சு சத்தம், ஜன்னல் பக்கம் சண்டை, பேனா இல்லாதவன், தலைவலி என்று எழுந்து நிற்பவள் எல்லாம் சேரும். கையும் வாயும் கரும்பலகையில்; கண்ணும் காதும் வகுப்பில். கண்ட்ரோலர் நினைவுதான் எனக்கு வந்தது. வகுப்பறை வேலை என்னைக் கேட்டால் மூன்றாவது வகை. சந்தேகமே இல்லை.

அவளுடைய 9-ஆம் வகுப்பில் 58 பேர். 35 நிமிடம் என்பது 2100 விநாடி. தலைக்கு 36 விநாடி. ஆசிரியர் பாடமே நடத்தாமல் ஒவ்வொரு பிள்ளையிடமும் பேசினால்கூட அவ்வளவுதான் கிடைக்கும்.

இங்கே நமக்கு உறவான ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். சுதந்திர இந்தியாவில் உயர்நிலைக் கல்வியை ஆராய 1952-இல் அமைத்த குழுவின் தலைவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டு இருந்த டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். அந்தக் குழு 1953-இல் தந்த அறிக்கையில், ஒரு வகுப்பில் 30 பேர் இருப்பது நல்லது, எக்காரணம் கொண்டும் 40-ஐத் தாண்டக்கூடாது என்று சொன்னது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் ஆசிரியருக்கு 30 பேருக்குக் குறைவாக என்றுதான் பேசுகிறது. ஆனால் அது பள்ளியின் மொத்தப் பிள்ளைகளை மொத்த ஆசிரியர்களால் வகுத்த சராசரி. டிராயிங் ஆசிரியரும் விளையாட்டு ஆசிரியரும் அந்தக் கணக்கில் உண்டு. சராசரி 30 என்று காகிதத்தில் இருக்கும்போதே கணக்கு வகுப்பில் 58 பேர் உட்கார்ந்திருக்கலாம். நம் பிள்ளை சராசரியில் படிப்பதில்லை, வகுப்பில்தான் படிக்கிறது.

நோட்டுத் திருத்தம் என்ற கீமேன் வேலை

36 விநாடியில் ஒரு பிள்ளையைத் தெரிந்துகொள்ள முடியாது. பின் எங்கேதான் தெரிந்துகொள்கிறார்கள்? நோட்டில். இந்த இரண்டு வாரத்தில் நான் கற்ற பாடம் இதுதான்.

அவளுக்கு மூன்று பிரிவுகள். 58, 55, 57 பேர். மொத்தம் 170 நோட்டு. ஒன்றுக்கு 3 நிமிடம் என்றால் 510 நிமிடம், அதாவது எட்டரை மணி. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோட்டையும் பார்க்க இவ்வளவு ஆகும். “டிக் போடுவதற்கு 3 நிமிடமா?” என்று கேட்டேன். “டிக் போட 10 செகண்ட் போதும் மாமா. தப்பு எங்கேருந்து வந்ததுன்னு பார்க்கத்தான் மீதி நேரம்” என்றாள்.

தவறுகளில் மூன்று வகை உண்டாம். முதலாவது கவனக்குறைவு, 7-ஐயும் 8-ஐயும் கூட்டி 14 என்று எழுதுவது. வட்டம் போட்டால் போதும். இரண்டாவது, கருத்தே தவறாகப் பதிந்திருப்பது. இரண்டு எண்களைக் கூட்டி வர்க்கம் எடுப்பதும், தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டுவதும் ஒன்று என்று பிள்ளைகள் நினைப்பார்கள். 5-ஐயும் 3-ஐயும் கூட்டி வர்க்கம் எடுத்தால் 64. தனித்தனியே எடுத்துக் கூட்டினால் 34. நடுவில் 30 காணாமல் போகிறது. ஐந்தையும் மூன்றையும் பெருக்கி, அதை இரண்டு மடங்காக்கினால் வருவதுதான் அந்த 30. ஒருவன் மட்டும் இந்தத் தவறைச் செய்தால் அவனைக் கூப்பிட்டுச் சொல்லலாம். வகுப்பில் 40 பேர் செய்தால் தவறு ஆசிரியருடையது. மறுநாள் பாடத்தை முதலிலிருந்து வேறு மாதிரி நடத்த வேண்டும்.

இது எனக்கு உடனே புரிந்தது. ஒரு சிலீப்பரில் கிளிப் தளர்ந்திருந்தால் சுத்தியலால் அடித்துச் சரிசெய்யலாம். வரிசையாக ஐம்பது சிலீப்பரில் தளர்ந்திருந்தால் கோளாறு கிளிப்பில் இல்லை. அடியில் எங்கோ இருக்கிறது.

மூன்றாவது வகை, கணக்குக்கே சம்பந்தமில்லாத தவறு. நான் குறிப்பெடுத்த முதல் வாரத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் கிடைத்தது. 10-ஆம் வகுப்புப் பையன் ஒருவன். வீட்டுக் கணக்கு பெரும்பாலும் சரி. வகுப்புக் கணக்கு முழுக்கத் தவறு. காப்பியடிக்கிறான் என்று யாரும் முடிவு கட்டிவிடுவார்கள். மருமகள் மூன்று வாரப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். அவன் வழிமுறை எல்லா இடத்திலும் சரி. கழித்தல் குறியைக் கூட்டல் என்றும், 3-ஐ 8 என்றும் எழுதியிருக்கிறான். அதுவும் கரும்பலகையிலிருந்து எழுதிய கணக்குகளில் மட்டும். புத்தகத்திலிருந்து எழுதியவை சரி. பையன் உயரம், அதனால் கடைசி பெஞ்சு. மறுநாள் அவன் அம்மாவுக்குப் போன் செய்தாள். கண் பரிசோதனையில் நல்ல பவர் வந்தது. அவனுக்கே தெரியவில்லை, எல்லோருக்கும் போர்டு அப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று நினைத்திருக்கிறான்.

ரயில் பாதையில் கீமேன் என்று ஒருவர் உண்டு. தினமும் தன் பீட் முழுவதையும் நடந்து, ஒவ்வொரு இணைப்பையும் பார்த்து, தளர்ந்ததைச் சுத்தியலால் அடித்து இறுக்கிக்கொண்டு போவார். ரயிலில் போகும் யாரும் அவரைப் பார்ப்பதில்லை. டிராலியில் பெரிய அதிகாரிகள் வந்து இன்ஸ்பெக்‌ஷன் செய்வதும் உண்டு, தேவையானதுதான். ஆனால் பாதை நாள்தோறும் பத்திரமாக இருப்பது கீமேன் நடப்பதால். பரீட்சை என்பது டிராலி இன்ஸ்பெக்‌ஷன் போன்றது. நோட்டுத் திருத்தம் கீமேன் வேலை.

கீமேன் வேலைக்கு இன்னொரு குணம் உண்டு. அவரை ஒருநாள் வேறு வேலைக்கு இழுத்துவிட்டால் அன்று ஒன்றும் நடக்காது. வண்டிகள் எல்லாம் வழக்கம்போல் போகும். அதனால்தான் அவரை வேறு வேலைக்கு இழுக்க எல்லோருக்கும் தைரியம் வருகிறது. நானே அப்படி இழுத்திருக்கிறேன், வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இரண்டாம் வாரம்

இரண்டாம் வாரத்தில் யூனிட் டெஸ்ட். 170 விடைத்தாள், ஒன்றுக்கு 6 நிமிடம், மொத்தம் 17 மணி. இதில் இரண்டரை மணி ஃப்ரீ பீரியடில் முடிந்தது. மீதி பதினாலரை மணி வீட்டில். இரவு பதினொன்றரைக்கும் ஹாலில் விளக்கு எரிந்தது. நோட்டுத் திருத்தம் அந்த வாரம் அடியோடு நின்றது, வேறு வழியில்லை. முதல் வாரத்து 51 மணியில் நோட்டுக்கான 6 மணியைக் கழித்து, 14 மணி 30 நிமிடத்தைக் கூட்டினால் 59 மணி 30 நிமிடம். இரண்டு வாரச் சராசரி, ரயில்வே சட்டப்படியே எடுத்தால், 55 மணி 15 நிமிடம். தொடர் வேலைக்கான 54-ஐயே தாண்டிவிட்டது. கடும் வேலைக்கான 45 எங்கோ பின்னால் நிற்கிறது.

“விடுமுறை இருக்கிறதே” என்பீர்கள். இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்கு ரயில்வேயில் இருந்த ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, விடுமுறைக் காலம் உள்ள பணிகளில் அந்த அளவில் கிடையாது. 10-ஆம் வகுப்பு போர்டு பரீட்சை முடிந்ததும் விடைத்தாள் கட்டுகள் வந்துவிடும். மகாராஷ்டிரத்தில் கணிதம் மட்டும் இயற்கணிதம், வடிவியல் என்று 40 மதிப்பெண்ணில் இரண்டு தாள்கள். திருத்துபவர் ஒருவர், அதைச் சரிபார்க்கும் மாடரேட்டர் ஒருவர். ஒரு மதிப்பெண் கூட்டலில் பிசகினாலும் விளக்கம் சொல்ல வேண்டும்.

டெஸ்ட் முடிந்த அடுத்த வாரமும் நோட்டுகள் திறக்கப்படவில்லை. விவரங்களை இணையத்தில் ஏற்ற அவசரக் கெடு ஒன்று வந்துவிட்டது. பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாதிரி என்று இருந்த பிள்ளைகளின் பெற்றோரையெல்லாம் ஒவ்வொருவராகத் தேடிப் பேச வேண்டியிருந்தது.

மூன்றாவது வாரம் நோட்டைத் திறந்தபோது 9-ஆம் வகுப்புப் பெண் ஒருத்தியின் நோட்டில் கையெழுத்து சுருங்கிக்கொண்டே போயிருந்தது. முதலில் வீட்டுக் கணக்கு பாதி. பிறகு தேதி மட்டும். பிறகு வெற்றுப் பக்கம். அவள் தமிழ்க் குடும்பத்துப் பெண். அப்பாவுக்கு உடல்நலம் கெட்டு வேலை போய்விட்டது. அம்மா விடிகாலையில் இட்லி போட்டு விற்கிறார். மூன்று மணிக்கு எழுந்து மாவும் சட்னியும் பார்ப்பது மகள். ஏழு மணிப் பள்ளிக்கு எப்படி வருவாள்? அவள் வருவது நின்று நான்கு நாள் ஆகியிருந்தது. 58 பேரில் ஓர் இடம் காலியாக இருப்பது மழைக்காலத்தில் யார் கண்ணிலும் படவில்லை. மருமகள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனாள். பிற்பகல் ஷிப்டுக்கு மாற்றித் தருவதாகப் பள்ளியும் ஒப்புக்கொண்டது. அதற்குள் குடும்பம் ஊருக்கே திரும்புவது என்று முடிவு செய்து, மாற்றுச் சான்றிதழும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. அந்தப் பெண் அங்கே பள்ளியில் சேர்ந்தாளா என்பது தெரியவில்லை. அம்மாவின் போன் எண் மாறிவிட்டது.

“நோட்டு பார்த்திருந்தா முதல் வாரத்துலயே தெரிஞ்சிருக்கும் மாமா” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. நோட்டு நின்ற வாரத்துக் கணக்கு என் கையில்தான் இருந்தது.

பாடம் அல்லாத வேலைகள்

கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஆசிரியர்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்வி சாராத வேலைக்கு அனுப்பக்கூடாது என்கிறது. தேர்தல் பட்டியல் வேலை குறித்து உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஆசிரியர்களை விடுமுறை நாளிலும் பாடம் இல்லாத நாளிலும்தான் அந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டும்; பாட நேரத்தில் சாதாரணமாக அழைக்கக்கூடாது என்பது அதன் சாரம்.

சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் காப்பது பாட நேரத்தை. ‘பள்ளி நேரத்தில் கூப்பிடவில்லையே’ என்று சொல்லிவிடலாம். அந்த வேலை விழுவது மாலையில். அதாவது நோட்டின் மேல். பீரியடை யாரும் ரத்து செய்ய முடியாது. 58 பேர் கத்திவிடுவார்கள். நோட்டை ரத்து செய்தால் ஒரு சத்தமும் வராது.

எல்லா ஆசிரியர்களும் என் மருமகளைப் போலவா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு நோட்டைத் திருப்பித் தருபவர்கள் இருக்கிறார்கள். நடக்காமலே டயரியில் நடந்ததாக எழுதிய கீமேனையும் நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மருந்து இன்னொரு ரிஜிஸ்டர் அல்ல. ரிஜிஸ்டர் கூடக் கூட, நடப்பவரின் நேரமும் எழுதுவதிலேயே போய்விடும். பொய்யாக எழுதுபவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

வகுப்பின் அளவையோ அரசின் கெடுவையோ நாம் ஒரே நாளில் மாற்ற முடியாது. கையில் இருப்பதைச் செய்யலாம்.

1. ஆசிரியரின் சிவப்பு மையை வாசியுங்கள். வாரம் ஒருமுறை பிள்ளையின் நோட்டைத் திறந்து, அவர் எழுதியதைப் படித்து, கீழே கையெழுத்திடுங்கள். படிப்பார் உண்டு என்று தெரிந்தால் எழுதுபவருக்கும் தெம்பு வரும். பக்கங்கள் வெறுமையாகிக்கொண்டு வந்தால் அது முதலில் நம் கண்ணிலேயே பட்டுவிடும்.

2. பெற்றோர் கூட்டத்தில் ‘எத்தனை மார்க்’ என்று கேட்காதீர்கள். அது தாளிலேயே இருக்கிறது. ‘எந்த வகைத் தவறு செய்கிறான்?’ என்று கேளுங்கள். உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அதை உருப்படியாகச் செலவிட அந்த ஒரு கேள்வி போதும்.

3. இரவு ஒன்பது மணிக்கு மேல் ‘நாளைக்கு என்ன ஹோம்வொர்க்’ என்று ஆசிரியருக்குச் செய்தி அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்கலாம்.

4. வீட்டில் நோய், வேலை இழப்பு, இடமாற்றம் என்று எது வந்தாலும் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மானம் கருதி மறைக்கிறோம். அவர் ஷிப்ட் மாற்றித் தரலாம், கட்டணச் சலுகை கேட்டுத் தரலாம். தெரிந்தால்தான் எதுவும் செய்ய முடியும்.

5. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. உறுப்பினராகுங்கள். ஆண்டு விழாவைப் பற்றிப் பேசும் கூட்டத்தில், ‘ஒரு பிரிவில் எத்தனை பேர்?’ என்ற கேள்வியையும் எழுப்புங்கள்.

6. நம் சங்கத்தில் என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். படிவம் நிரப்புவதில் ஆயுளைக் கழித்தவர்கள்! உதவித்தொகைப் படிவம், ஆதாரில் பெயர்த் திருத்தம் போன்றவற்றுக்கு நம் பகுதிக் குடும்பங்களுக்கு நாமே உதவினால், அந்த அளவுக்கு ஆசிரியரின் மாலை நேரம் மிச்சமாகும்.

கடைசி யோசனையில் ஒரு சிறு பகுதியை நானே தொடங்கியிருக்கிறேன். ஞாயிறு காலை சங்கக் கட்டடத்தின் பின் அறையில் 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். புதிதாகப் பாடம் நடத்துவதில்லை; அந்த வாரத்து நோட்டை மட்டும் பார்க்கிறேன். முதல் ஞாயிறு 11 பேர் வந்தார்கள். தவறு எங்கிருந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடித்து 11 நோட்டையும் முடிக்க எனக்கு 1 மணி 20 நிமிடம் ஆயிற்று. மருமகளின் கணக்குப்படி அது 33 நிமிட வேலை.

‘அரை நாள் வேலை’ என்று சொன்ன நண்பருக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறேன். அவர் வங்கியில் இருந்தவர்; கூட்டல் கழித்தலில் புலி. வந்தால் எனக்கும் கொஞ்சம் நேரம் மிச்சமாகும்.